மதுரை மண்ணில் சரக்கொன்றை: விதை முதல் பூ வரை

சென்ற சித்திரையில் எங்கள் தெருவிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டு வாசலில் பூத்திருந்த டாக்வுட் மரத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, “இத நம்ம வீட்ல வைக்க முடியுமா தம்பி?” என்று கேட்டார். இலையே தெரியாமல் கிளை முழுவதும் வெள்ளை வெள்ளையாக விரிந்திருந்த அந்த மரத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் டாக்வுட், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், உயர்ந்த மரங்களின் அரைநிழலில், அமிலத்தன்மையுள்ள ஈரமண்ணில் வளர்வது. ஆண்டுக்குச் சில மாதங்கள் கடுங்குளிரில் இலையுதிர்த்து ஓய்வெடுத்தால்தான் அது ஒழுங்காக மொட்டுவிடும். மார்கழி இரவுக்கும் ஒரு போர்வை போதும் என்றிருக்கும் மதுரையில் அந்தக் குளிருக்கு வழியில்லை. பல இடங்களில் சுக்கான் என்னும் சுண்ணாம்புக்கல் கலந்து கிடக்கும் நம் மண்ணும் அதற்கு ஒத்துவராது. படத்தில் இதழ்போலத் தெரியும் நான்கும் உண்மையில் இதழ்கள் அல்ல, பூவைத் தாங்கும் நிறம் மாறிய இலைகள்தான் என்றும், நம் மதில்களில் படரும் காகிதப்பூவிலும் நிறம் காட்டுபவை அவ்வகை இலைகளே என்றும் சொன்ன பிறகு அவர் ஓரளவு சமாதானமானார்.

இலை உதிர்ந்த கிளைகளில் பூ மட்டும் நிறைந்து நிற்கும் காட்சி வேண்டுமென்றால், மதுரையில் அதற்குரிய மரம் சரக்கொன்றை. கேரளத்தார் விஷுக் கணியில் வைக்கும் கணிக்கொன்றையும், தாய்லாந்தின் தேசிய மலரும் இதுவே. நாற்பது டிகிரியைத் தொடும் கோடையைத் தாங்கும். வேரூன்றிய பிறகு தண்ணீர் கேட்காது. சித்திரைத் திருவிழாவை ஒட்டிப் பூக்கும். மதுரைக்குக் கடம்பவனம் என்றே ஒரு பெயர் உண்டே, கடம்பு வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கடம்பு அருமையான மரம்தான். ஆனால் அது ஈரத்தை விரும்புவது, விரைவில் பெருத்துவிடுவது. மூன்று சென்ட் மனையில் வீடு கட்டியவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

எந்தக் கொன்றை?

புதிதாக மரம் வளர்ப்பவர்கள் ஏமாறும் முதல் இடம் நர்சரி. “கொன்றை இருக்கிறதா?” என்று கேட்டால் மஞ்சள் பூப் பூக்கும் எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருவார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை, நம் ஊர் வழக்கில் நான்கைந்து மரங்களுக்குக் கொன்றை என்ற பெயர் உண்டு. சாலையோரத்தில் நிற்கும் மஞ்சக்கொன்றைக்குப் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், காய் தட்டையாக இருக்கும். பெருங்கொன்றை என்றும் இயல்வாகை என்றும் சொல்லப்படும் மரத்துக்கு இலை வாகையைப்போலப் பொடிப்பொடியாக இருக்கும், மொட்டு துருப்பிடித்த நிறத்திலும் காய் செம்பு நிறத்திலும் வரும். முதுமலைக் காட்டில் அந்நியக் களையாகப் பரவி, அகற்றப்பட்டுவரும் மஞ்சள் பூ மரமும் இந்தக் கொன்றைகளுக்கு உறவுதான். அதைத் தெரியாமல் வாங்கி வந்து ஊருக்குள் பரப்பிவிடக் கூடாது.

கன்றுப் பருவத்தில் பூவும் காயும் இராது. இலையைத்தான் பார்க்க வேண்டும். சரக்கொன்றையின் இலைக்காம்பில் எதிரெதிராக நான்கு முதல் எட்டு இணைச் சிற்றிலைகள் இருக்கும்; ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்கு, முட்டை வடிவில், நுனி கூர்ந்து, வெளிர் பச்சையாக இருக்கும். பத்துப் பதினைந்து இணையாகச் சிறு இலைகள் அடுக்கியிருந்தால் அது வேறு மரம். வாங்குவதற்கு முன் பையின் அடியையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்திருந்தால், கன்று ஆறடி உயரம் இருந்தாலும் வேண்டாம். சரக்கொன்றைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்க வேண்டும். பைக்குள் நெடுநாள் கிடந்த கன்றில் அது சுருண்டு சுருண்டு இறுகிவிடும். நான் முதலில் வைத்த மரம் அப்படி வாங்கி வந்த உயரமான கன்றுதான். நான்கு ஆண்டுகள் தளதளவென்று வளர்ந்து, ஓர் ஆடிக்காற்றில் அடியோடு சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தபோது, மண்ணுக்குள் வேர் கைமுறுக்குச் சுற்றியதைப்போல, பையின் உருவத்திலேயே இருந்தது. அதன் பிறகு நான் விதை போட்டே வளர்க்கிறேன். புதியவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

விதையை விழிக்கச் செய்தல்

சரக்கொன்றையின் காய் ஒன்று முதல் இரண்டு அடி நீளமுள்ள உருண்டைத் தடி. பச்சையாகத் தொங்கத் தொடங்கி, முற்றிக் கறுப்பதற்குள் ஏறக்குறைய அடுத்த பூக்காலம் வந்துவிடும்; தை முதல் சித்திரை வரை மரத்தடியில் தேடினால் கிடைக்கும். குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும். கல்லில் வைத்துத் தட்டி உடைத்தால், காசை அடுக்கியதுபோல வரிசையாக மெல்லிய தடுப்புகளும், அறைக்கு ஒன்றாகத் தட்டையான பழுப்பு விதையும், அதைச் சுற்றிப் புளிபோல ஒட்டும் கரிய சதையும் தெரியும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து கழுவினால் விதை சுத்தமாகிவிடும்.

இந்த விதையை அப்படியே மண்ணில் புதைத்தால் பெரும்பாலும் முளைக்காது. மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாத அளவுக்குக் கடினமானது. காட்டில் விலங்கின் வயிற்றில் போய் வந்தோ, பல மழை வெயில் கண்டோ அது தளர்கிறது. பெரிய நாற்றங்கால்களில் கந்தக அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரை விதைமேல் ஊற்றி, அது ஆறும்வரை விட்டு, ஒரு நாள் ஊறவிடுவது ஒரு முறை. அடுப்பின்மேல் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. நான் ஒருமுறை சுண்டலுக்குக் கடலை அவிப்பதுபோல இரண்டு கைப்பிடி விதையை அவித்தே விட்டேன், ஒன்றுகூட வரவில்லை.

அதைவிட நம்பகமானது உப்புத்தாள். விதையின் ஓரத்தில் காம்பு ஒட்டியிருந்த சிறு வடு தெரியும். முளை அந்தப் பக்கம் இருப்பதால் அதைத் தொடாமல், எதிர் ஓரத்தை உப்புத்தாளில் பத்துப் பதினைந்து முறை தேய்க்க வேண்டும். பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறிய புள்ளி தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம். நகவெட்டியால் அந்த ஓரத்தில் மிகச் சிறிதாகக் கிள்ளினாலும் போதும். பிறகு இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வைத்தால், தோல் திறந்த விதைகள் காலையில் இரண்டு மடங்கு உப்பியிருக்கும். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து மறுபடி ஊறவைக்க வேண்டும். உப்பியதை ஒரு நாள்கூடக் காயவிடாமல் விதைத்துவிட வேண்டும்.

எட்டங்குல அகலமும் ஓரடி உயரமும் உள்ள நாற்றுப்பையில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்று கலந்து நிரப்பி, விதையை அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முளை தெரியும். மணல் கிடைக்காவிட்டால் தேங்காய் நார்க்கழிவைச் சேர்க்கலாம். கட்டடத்துக்கு வந்த எம்-சாண்ட் குவியலில் அள்ளிப் போட்டால் அதன் தூசி நனைந்து இறுகிவிடும். மாசியில் விதைத்தால் புரட்டாசிக்குள் ஓரடி உயரக் கன்று கையில் இருக்கும். நடுவதற்கு அந்த உயரம் போதும். சிறிய கன்று என்று கூச்சப்பட வேண்டியதில்லை; வேர் நேராக இறங்கியிருக்கும் ஓரடிக் கன்று, சுருண்ட வேருள்ள ஐந்தடிக் கன்றைச் சில ஆண்டுகளில் முந்திவிடும்.

இடமும் குழியும்

முழு வெயில் படும் இடம் வேண்டும். அரைநிழலில் மரம் உயரமாக நெட்டி வளரும். பூ அரைகுறையாகத்தான் வரும். முப்பது நாற்பது அடி உயரம் போகக்கூடிய மரம் என்பதால், வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு அடியாவது தள்ளி வைக்க வேண்டும். வைப்பதற்கு முன் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மேலே மின்கம்பி போனால், மரம் பூக்கத் தொடங்கும் வயதில்தான் அதன் தலையை வெட்டுவார்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலும் வேண்டாம். முற்றிய காய் தடியாக விழும், உடைந்தால் சதை ஒட்டும்.

மண்ணைப் பொறுத்தவரை மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் செம்மண்காரர்களுக்குக் கவலையில்லை. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் வைப்பவர்கள்தாம் கவனமாக இருக்க வேண்டும்; ஏனென்றால் இந்த மரம் வறட்சியைப் பொறுக்குமே தவிர, அடியில் தேங்கும் தண்ணீரைப் பொறுக்காது. நடுவதற்குப் பத்து நாள் முன்னதாக இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, அடித்தளத்தைக் கடப்பாரையால் குத்தித் தளர்த்திவிட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையில் வற்றியிருந்தால் அங்கே வைக்கலாம். தண்ணீர் நின்றிருந்தால் அடியில் சுக்கான் பாறையோ இறுகிய களியோ இருக்கிறது. உடைக்க முடிந்தால் உடைப்பது, முடியாவிட்டால் இடத்தை மாற்றுவது அல்லது ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுவது. புறநகர் மனைகளில் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கியிருப்பார்கள். சிமெண்டுக் கட்டியும் செங்கல் துண்டும் வந்தால் அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு வெளியிலிருந்து செம்மண் கொண்டுவருவதுதான் ஒரே வழி.

எடுத்த மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழு உரமும் அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை நிரப்ப வேண்டும். புண்ணாக்கு கறையானுக்காக. பச்சைச் சாணத்தைப் போட்டால் அதுவே கறையானை அழைத்து வரும்.

நடுவதற்கு ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. அப்போது வைத்தால் வடகிழக்குப் பருவமழை முழுவதையும் கன்று குடித்துவிட்டு, முதல் கோடைக்குள் வேரை ஆழமாக இறக்கியிருக்கும். மாலை நேரத்தில், பையைப் பிளேடால் கீறி, அடியில் வேர் சுற்றியிருந்தால் அந்த அரையங்குலத்தை மட்டும் நறுக்கிவிட்டு, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்க வேண்டும். பைக்குள் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அந்த மட்டத்திலேயே தரை இருக்க வேண்டும். தண்டின் மேல் மண்ணை ஏற்றிக் குவித்தால் கழுத்து அழுகும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி, உள்ளே காய்ந்த இலையையோ தென்னை மட்டைத் தும்பையோ மூடாக்காகப் பரப்பிவிடலாம், தண்டைத் தொடாமல். காற்று வரும் பக்கம் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, சணலால் எட்டுப்போட்டதுபோலத் தளர்வாகக் கட்ட வேண்டும். தெருவில் வைப்பவர்கள் நடும் அன்றைக்கே கூண்டும் வைத்துவிட வேண்டும். நாளை வாங்கலாம் என்று விட்டால் நாளைக் காலையில் ஆடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

முதல் மூன்று ஆண்டுகள்

மழை இல்லாத நாட்களில் முதல் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு குடம் தண்ணீர். பிறகு வாரம் இருமுறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு குடம். இரண்டாம் ஆண்டில் வாரம் ஒருமுறை நிறைய. மூன்றாம் ஆண்டில் கோடையில் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. தினமும் ஒரு சொம்பு ஊற்றுவது அன்பாகத் தோன்றினாலும் கன்றுக்குத் தீங்கு. வேர் மேலேயே நின்றுவிடும். இன்னொன்று: சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஏற்கெனவே உப்பான ஆழ்துளைத் தண்ணீரின் உப்பெல்லாம் சேர்ந்து வருவது அது. தரை துடைக்கப் பயன்படுத்தலாம்; இளங்கன்றுக்கு வேண்டாம்.

உரம் அதிகம் தேவைப்படாது. அவரைக் குடும்பத்து மரங்கள் பலவற்றுக்கு வேரில் முடிச்சுகள் உண்டாகி, காற்றிலுள்ள தழைச்சத்தை அவை தாமே சேர்த்துக்கொள்ளும். சரக்கொன்றை அந்தக் குடும்பத்தில் பிறந்தும் அதன் வேரில் முடிச்சு வருவதில்லை. எனவே ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், இரண்டு கூடை தொழு உரம் கொடுத்துவிட வேண்டும். யூரியா போட்டால் இலைதான் பெருகும்.

முதல் இரண்டு ஆண்டுகள் பக்கக் கிளைகளை விட்டுவைத்தால் தண்டு பருக்கும். அதன் பிறகு, நேராகப் போகும் ஒரு தண்டை வைத்துக்கொண்டு, கீழ்க்கிளைகளை ஆண்டுக்கு இரண்டு மூன்றாக எடுத்து, ஆள் நடக்கும் உயரத்துக்கு மரத்தைத் தூக்கலாம். கவாத்து செய்ய வேண்டிய காலம் பூ முடிந்த ஆனி, ஆடி. ஐப்பசிக்குப் பிறகு வெட்டினால், வருகிற சித்திரைக்குப் பூக்க வேண்டிய கிளையைத்தான் வெட்டியிருப்போம்.

பூச்சிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இளந்தளிரில் முட்டையிடும். பச்சைப் புழுக்கள் சில கிளைகளை மொட்டையாக்கும். மரம் மறுபடி தளிர்த்துக்கொள்ளும். மருந்தடிக்க வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

இலை உதிரும்போது

மாசி, பங்குனியில் மரம் இலையை உதிர்க்கும். இந்தக் கட்டத்தில்தான் புதியவர்கள் பதறிப்போய், பட்டுவிட்டதென்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சிறு கிளையில் நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் ஓய்விலிருக்கிறது. வேரூன்றிய மரத்துக்கு இந்த மாதங்களில் தண்ணீர் கொடுக்காமலிருப்பதே சரி, வறண்ட ஓய்வுக்குப் பிறகுதான் அது நன்றாகப் பூக்கும்.

விதையிலிருந்து வந்த மரம் நான்காம் ஆண்டுக்கு முன் பூப்பது அரிது. ஏழெட்டு ஆண்டு எடுத்துக்கொள்வதும் உண்டு. முதல் பூ வரும்போது ஒரு சரத்தைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். ஓரடிக்கு மேல் தொங்கும் சரத்தில், மேலே காம்பருகே உள்ள பூக்கள் முதலில் விரிந்து, நுனியில் மொட்டுகள் பச்சை மணிகளாகக் காத்திருக்கும். சரம் சரமாகத் தொங்குவதால்தான் சரக்கொன்றை. ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள். அவற்றுள் மூன்று மட்டும் கொக்கிபோல நீண்டு வளைந்து நிற்கும். காலை வெயிலில் பெரிய கருவண்டுகள் வந்து பூவைக் கவ்விக்கொண்டு உறுமுவதைக் கேட்கலாம்; அந்த அதிர்வில்தான் மகரந்தம் உதிர்கிறது. பழந்தமிழ்ப் பாடல்களில் கொன்றை முல்லை நிலத்துக் கார்காலப் பூ. நம் தெருக்களில் அது கோடைப் பூவாக நிற்கிறது. ஆனால் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால், ஆனிக்குப் பிறகும் இரண்டாம் முறையாகச் சில கிளைகளில் பூவைப் பார்த்திருக்கிறேன்.

பூங்காவில் வைப்பவர்களுக்கு

குடியிருப்போர் சங்கங்கள் பூங்காவுக்கு மரம் தேர்வு செய்யும்போது ஒன்றை மறந்துவிடுகின்றன: வெயில் உச்சத்தில் இருக்கும்போது இந்த மரத்தில் இலை இராது. ஆகவே இருக்கைக்கு நிழல் தரும் மரமாக இதை நம்பக் கூடாது. இருக்கைகளுக்கு மேல் புங்கமும் வேம்பும் இருக்கட்டும். சரக்கொன்றையை அவற்றுக்கு எதிரே, பார்வை போய் விழும் இடத்தில், பதினைந்து இருபது அடி இடைவெளியில் மூன்று நான்காகச் சேர்த்து வைக்க வேண்டும். பின்னால் புங்கத்தின் கரும்பச்சை இருந்தால் மஞ்சள் எடுப்பாகத் தெரியும். வெளுத்த வானத்தை மட்டும் பின்னணியாகக் கொண்டால் பாதி அழகு கரைந்துபோகும். நடைபாதையின் இரு பக்கமும் வரிசையாக வைக்க ஆசைப்படுபவர்கள், காய் விழும் மாதங்களில் கூட்டிப் பெருக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சதை பேதியாக்கும், நாட்டு மருந்தில் அதற்கு இடமுண்டு என்றாலும், இனிப்பாக இருக்கிறதென்று குழந்தைகள் நக்காமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு.

கழுவி நிழலில் உலர்த்திய விதை, மூடிய பாட்டிலில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். நான் பாட்டிலின் மேல் சேகரித்த மாதத்தையும் ஆண்டையும் எழுதி வைக்கிறேன். ஆசிரியருக்குக் கொடுத்த கன்று அப்படி ஒரு பாட்டிலிலிருந்து வந்ததுதான். புரட்டாசியில் நட்டோம், இப்போது முழங்கால் உயரம் இருக்கிறது. காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போதெல்லாம் இலையை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போகிறார். போன வாரம் பதினொன்று.